முகவெட்டின் அளவுகோல்: பக்கத்தோற்றத்தைத் திருத்தும் அறுவை குறித்து

பெசன்ட் நகர், அடையாறு, மயிலாப்பூர் வட்டாரத்துத் தோல் மருத்துவர்களிடமும் பல் மருத்துவர்களிடமும் முகத்தைத் திருத்திக்கொள்ள வருவோர் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒற்றை உறுப்பைப் பற்றியவை. மூக்கு புடைப்பாக இருக்கிறது, பல் எடுப்பாக இருக்கிறது, தாவாக்கட்டை உள்ளே போயிருக்கிறது, முகம் எங்கே முடிந்து கழுத்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை என்று தனித்தனியாகச் சொல்லப்படும் இவை மருத்துவரின் மேசையில் ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன: ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்க்கும்போது நெற்றி, மூக்கு, உதடு, முகவாய், கழுத்து ஆகியவை ஒன்றோடொன்று இயைந்து நிற்கின்றனவா? பக்கத்தோற்றம் என்று இங்கே சொல்லப்படுவது இந்த இயைபையே. இதைத் திருத்தும் அறுவை இன்று சென்னையில் அரிதானதோ புதுமையானதோ அன்று. ஆனால் அதை எண்ணிப்பார்ப்பவர்கள் கத்தியைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு அளவுகோலைப் பற்றி யோசிப்பதில்லை. குறை எந்த உறுப்பில் இருக்கிறது, அது குறைதானா, எவருடைய முகத்தை வைத்து அது குறை என்று சொல்லப்படுகிறது என்னும் மூன்றும் தெளிவாகாமல் செய்யப்படும் அறுவை, எவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டாலும், தவறான இடத்தில் செய்த வேலையாகவே முடிகிறது.

தமிழ் வழக்கில் அழகு பெரிதும் நேர்முகத்தைச் சார்ந்தது. மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்பது எதிரே நின்று பார்ப்பவரின் பாராட்டு. கண்ணாடியும் நேர்முகத்தைத்தான் காட்டும். தன் பக்கத்தோற்றத்தை ஒருவர் பார்ப்பது ஏறக்குறைய எப்போதும் புகைப்படத்தில்தான், அதுவும் பிறர் எடுத்த புகைப்படத்தில்தான். பெசன்ட் நகர்க் கடற்கரையில், ஷ்மிட் நினைவுச் சின்னத்தை ஒட்டி, திருமணத்துக்கு முந்தைய படங்கள் விடியற்காலையில் எடுக்கப்படுவதைக் காணலாம். கிழக்கு நோக்கிய கடற்கரையாதலால் சூரியன் முகத்துக்குப் பின்னால் எழுகிறது, தோலின் நிறமும் கண்ணும் புன்னகையும் இருளில் மறைந்து, நெற்றியிலிருந்து கழுத்து வரை ஓடும் விளிம்புக்கோடு மட்டும் வெட்டிவைத்தாற்போல் தெரிகிறது. இருபத்தைந்து வயது வரை தன் முகவாயைப் பற்றி நினைத்தே பாராத ஒருவர் அந்தப் படத்தைக் கண்டு மருத்துவரைத் தேடுவது வியப்புக்குரியதன்று. கைப்பேசித் தற்படத்தின் கோளாறு வேறு வகையானது. 2018இல் அமெரிக்க முக அறுவை மருத்துவ இதழொன்றில் வெளியான கணக்கீட்டின்படி, ஏறத்தாழ 12 அங்குலத் தொலைவில் எடுக்கப்படும் படத்தில் மூக்கின் அகலம் உள்ளதைவிடச் சுமார் 30 சதவீதம் கூடித் தோன்றுகிறது. இது லென்ஸுக்கு அருகில் இருக்கும் பொருள் பெரிதாகத் தெரியும் எளிய உண்மைதான் என்றாலும், அந்தப் படத்தையே சான்றாகக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வருவோர் அதை அறிந்திருப்பதில்லை.

பக்கத்தோற்றத்தில் உறுப்புகள் ஒன்றையொன்று பொய்யாக்கும். முகவாய் உள்ளடங்கியிருந்தால் இயல்பான மூக்கும் நீண்டு தெரியும். மேல்தாடை முன்தள்ளியிருந்தால் இயல்பான முகவாயும் பின்வாங்கியதாகத் தெரியும். கிளிமூக்கு என்று வீட்டார் கேலி செய்ததால் மூக்கறுவைக்கு வந்தவருக்கு உண்மையில் வேண்டியிருப்பது முகவாயைச் சில மில்லிமீட்டர் முன்னே கொண்டுவருவது மட்டுமே என்று மருத்துவர் சொல்ல நேர்வது இதனால்தான். மறுபுறத்தில், எடுப்பான பல்லை உள்ளே இழுத்த பிறகு உதடு பின்வாங்கி, அதுவரை எவர் கண்ணிலும் படாதிருந்த மூக்கு திடீரென முகத்தின் தலைமை உறுப்பாகிவிடுவதும் உண்டு. ஆகவே முறையான பரிசோதனை மூக்கிலிருந்தோ பல்லிலிருந்தோ தொடங்குவதில்லை. நோயாளி தலையை இயல்பாக வைத்து, பற்கள் பொருந்தி, உதடுகள் தளர்ந்த நிலையில் பக்கவாட்டில் நிற்க, குறித்த தொலைவிலிருந்து தலையின் எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. செஃபலோகிராம் எனப்படும் இந்தப் படம் 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே வகுத்த முறையில் உருவானது. எலும்பின் விளிம்பும் தோலின் விளிம்பும் அதில் சேர்ந்தே தெரிவதால், கோளாறு எலும்பிலா, பல்லிலா, மேலுள்ள சதையிலா என்று பிரித்தறிய முடிகிறது. உதடு மூட முயலும்போது முகவாய்த் தோல் ஆரஞ்சுத் தோல்போலச் சுருங்குகிறதா என்பதையும் நல்ல மருத்துவர் கவனிப்பார். சுருங்கினால் உதடுகள் வலிந்து மூடப்படுகின்றன என்று பொருள், அந்நிலையில் எடுத்த அளவு எதுவும் செல்லாது.

இந்தப் படத்தின்மேல் வரையப்படும் கோடுகளில் பரவலாகப் பயன்படுவது ரிக்கெட்ஸ் என்னும் அமெரிக்கப் பல்சீரமைப்பு நிபுணர் 1950களில் முன்வைத்த அழகுக்கோடு. மூக்கின் நுனியையும் முகவாயின் முன்புள்ளியையும் இணைக்கும் இக்கோட்டுக்கு மேலுதடு சுமார் 4 மில்லிமீட்டரும் கீழுதடு சுமார் 2 மில்லிமீட்டரும் பின்னே இருப்பது வளர்ந்தவரின் சமநிலை என்று கொள்ளப்பட்டது. இந்த அளவு அமெரிக்க வெள்ளையரின் முகங்களிலிருந்து பெறப்பட்டது. தமிழகத்து முகங்களில் இரு தாடைப் பற்களும் சற்று முன்சாய்ந்து, உதடுகள் அதற்கேற்ப நிறைவாக இருப்பது மிக இயல்பு. அத்தகைய முகத்தின்மேல் ரிக்கெட்ஸின் கோட்டை வரைந்தால் உதடு கோட்டைத் தொடும், சில வேளை தாண்டும், உடனே அது குறையாகக் குறிக்கப்படும். தென்னிந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளின் பட்டமேற்படிப்பு ஆய்வுகளில் இந்த வேறுபாடு திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. ஆயினும் மென்பொருளில் ஏற்றப்பட்டு வரும் இயல்பளவுகள் பெரும்பாலும் பழையவையே. கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் வரும் எண்ணைக் காட்டி உங்கள் உதடு மூன்று மில்லிமீட்டர் அதிகம் என்று சொல்லும்போது, எவருடைய உதட்டைவிட அதிகம் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

இந்தக் கேள்விக்குச் சென்னையில் ஒரு முன்கதையும் உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், மாகாணமெங்கும் சாதிகளையும் பழங்குடிகளையும் அளவுக்கருவி கொண்டு அளந்தவர். அவ்வளவுகளின் பெரும்பகுதி 1909இல் கே. ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாக வெளியான அவருடைய நூலில் இடம்பெற்றது. அளக்கப்பட்டவற்றில் முதன்மையானது மூக்கு. மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் நாசிக்குறியெண் எனப்பட்டது. 70க்குக் குறைந்தால் குறுகிய மூக்கு, 85க்கு மிகுந்தால் அகன்ற மூக்கு. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகல அகலச் சமூகப் படிநிலை தாழும் என்ற முடிவுக்கே போனார். இதே வகை எண்களைக் கையில் எடுத்துக்கொண்டு, 1948இல் வெளியான தம் நூலில் அம்பேத்கர், பிராமணரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தவர் என்றே அவ்வெண்கள் காட்டுகின்றன என்று வாதிட்டார். அந்த அறிவியல் செத்துப் பல காலமாயிற்று. எனினும் சப்பை மூக்கு என்ற வசையிலும், பெண் பார்க்கும் இடத்தில் மூக்கு கொஞ்சம் எடுப்பாக இருந்திருக்கலாம் என்ற முணுமுணுப்பிலும் அதன் மிச்சம் இன்னும் புழங்குகிறது. மூக்கின் பாலத்தை உயர்த்தித் தரும்படி கேட்டு வருபவரின் விருப்பம் எவ்வளவு தனிப்பட்டது, எவ்வளவு மரபாக வந்த அளவுகோலின் விளைவு என்பதை எளிதில் பிரித்துவிட முடியாது.

ஐரோப்பிய அளவுகோல்களுக்கு முன்பே இங்கே வேறோர் அளவுகோல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிற்ப நூல்களின் தாலமானக் கணக்கில், நவதால உருவத்தின் மொத்த உயரம் 108 அங்குலம், முகம் ஒரு தாலம், அதாவது 12 அங்குலம். அது நெற்றி மயிர்க்கோட்டிலிருந்து கண் வரை, கண்ணிலிருந்து மூக்கடி வரை, மூக்கடியிலிருந்து மோவாய் வரை என நந்நான்கு அங்குலமாகப் பகுக்கப்படும். இங்கே அங்குலம் என்பது உருவத்தின் உயரத்திலிருந்தே பெறப்படும் சார்பளவு. முகத்தை மூன்று சம கூறாக்கும் மறுமலர்ச்சிக்கால ஐரோப்பிய விதியோடு இதற்கு உள்ள ஒற்றுமையை அழகு அறுவை மருத்துவர்கள் மாநாடுகளில் விரும்பிச் சொல்வதுண்டு. ஆனால் ஸ்தபதியின் மரபில் தாலம் ஒன்றன்று. சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாலம், தேவியருக்கு மத்திம தசதாலம், பிள்ளையாருக்குப் பஞ்சதாலம் என்று உருவத்துக்கேற்ப அளவு மாறும். எல்லா முகத்துக்கும் ஒரே கோடு என்ற எண்ணம் அந்தத் தொழிலில் இடம்பெறவே இல்லை. அதோடு அது தெய்வ உருவத்துக்கு வகுத்த கணக்கு, நடமாடும் மனிதருக்கு வகுத்ததன்று.

அறுவையின் வரலாற்றிலும் தென்னிந்தியாவுக்குப் பங்கு உண்டு, பெருமைப்படத்தக்க வழியில் அல்லாவிடினும். மூக்கறுத்தல் இங்கே போர்த் தண்டனையாகவே இருந்தது. திருமலை நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படையோடு நடந்த போர் மூக்கறுப்புப் போர் என்றே பெயர்பெற்றது. 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படையின் மாட்டுவண்டிக்காரரான காவஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டுக்குப் பின் புனே அருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கு அமைத்தார்: மெழுகுத் தகட்டை மூக்கின் அடிப்பகுதியில் பொருத்தி வடிவம் எடுத்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து விளிம்பு வரைந்து, அந்த அளவுக்குத் தோலை உரித்து, புருவங்களுக்கிடையே ஒரு காம்பை மட்டும் அறுக்காமல் விட்டுக் கீழே திருப்பி ஒட்டவைத்தார். சென்னையில் வெளியான மெட்ராஸ் கெஜட்டில் இடம்பெற்ற இச்செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மன்ஸ் மேகசின் வழியாக ஐரோப்பாவை எட்டியது. அதைப் படித்த அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அதே முறையைச் செய்து காட்டினார். இழந்த உறுப்பை மீட்பதிலிருந்து இருக்கும் உறுப்பை அழகாக்குவதற்கு நகர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான்: 1887இல் அமெரிக்காவின் ஜான் ரோ, 1898இல் பெர்லினின் ஜாக் ஜோசப். ஜாக் ஜோசப்பிடம் வந்தவர்களில் தங்கள் மூக்கால் யூதர் என்று அடையாளம் காணப்பட விரும்பாதவர்கள் பலர் இருந்தனர்; அழகு அறுவை தொடக்கத்திலிருந்தே அடையாளத்தோடு பிணைந்திருந்தது என்பதற்கு இது போதும்.

இன்று ஒருவர் முன் இருக்கும் வழிகளை எளிமையிலிருந்து கடுமை நோக்கிச் சொல்வது வழக்கம். அதைவிடக் கோளாறின் இடத்தைக் கொண்டு சொல்வது பயனுள்ளது. கோளாறு பல்லில் மட்டும் இருந்தால் கிளிப் போட்டு நகர்த்துவதே போதுமானதாக இருக்கும்; ஒன்றரை இரண்டு ஆண்டு பிடிக்கும் என்பதைத் தவிர அதில் இழப்பு குறைவு. இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க, முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு மேல்தாடையின் முன்பகுதி எலும்பையே வெட்டிப் பின்னே நகர்த்தும் அறுவை தென்னிந்தியாவில் பெரிதும் விரும்பப்படுகிறது, குறிப்பாகத் திருமண நாள் குறித்துவிட்ட குடும்பங்களில். விரைவு உண்மைதான், ஆனால் அளவு மிஞ்சினால் மேலுதடு ஆதாரமின்றிச் சப்பிப்போய், மூக்கின் அடி அகன்று, இருபது வயது முகத்தில் நாற்பது வயது வாய் வந்து அமரும். மீண்டும் முன்னே கொண்டுவருவது எளிதன்று. பக்கத்தோற்ற அறுவைகளுள் அதிக எச்சரிக்கை வேண்டியது இதுவே என்று கொள்ள இடமிருக்கிறது.

முகவாய் மட்டும் உள்ளடங்கி, பற்கடிப்பு சரியாக இருப்பவர்களுக்கு ஜீனியோபிளாஸ்டி பொருந்தும். கீழுதட்டின் உட்புறம் கீறி, பல்வேர்களுக்குக் கீழே முகவாய் எலும்பைக் குறுக்கே அறுத்து, முன்னே நகர்த்தி டைட்டானியத் தகட்டாலும் திருகுகளாலும் பிணைப்பது இதன் முறை. வெளியில் தழும்பு தெரியாது. சிலிக்கான் பொருளை எலும்பின்மேல் வைப்பது இதைவிட எளிது. தொற்றும் இடம்பெயர்தலும் அடியிலுள்ள எலும்பு சிறிது கரைதலும் அதன் விலை. கீழ்த்தாடை முழுவதுமே சிறுத்திருந்தால் முகவாயை மட்டும் நகர்த்துவது மேற்பூச்சு வேலையாகிவிடும். அங்கே தாடையின் பின்பகுதியை இருபுறமும் நெடுக்குவாட்டில் பிளந்து முழுத் தாடையையும் நகர்த்தும் முறை வேண்டும். 1957இல் அறுவை மருத்துவர் ஒப்வெகெசர் வெளியிட்ட இம்முறையே இன்றுவரை தாடை அறுவையின் அடித்தளம். இதற்கு வளர்ச்சி முடிந்திருக்க வேண்டும் என்பதால் பெண்களுக்குப் பொதுவாகப் பதினாறு, பதினேழு வயதுக்கும் ஆண்களுக்குப் பதினெட்டுக்கும் முன் செய்வதில்லை. அதற்கு முன்பும் பின்பும் கிளிப் சிகிச்சை உண்டு. பின்வாங்கிய தாடையால் தூக்கத்தில் மூச்சு தடைபடுவோருக்கு இது அழகைத் தாண்டிய பயனையும் தருகிறது. சிறுவயதில் விழுந்து தாடை மூட்டு இறுகிப்போய், வாயும் திறவாமல் முகவாயும் வளராமல் நிற்கும் பிள்ளைகள் சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தின் எதிரேயுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு மாவட்டங்களிலிருந்து வருவதுண்டு. அவர்களுக்கும் இதே அறுவைக் குடும்பம்தான் வழி, ஆனால் அதை எவரும் அழகு அறுவை என்று சொல்லத் துணியமாட்டார்.

தாடை அறுவைக்குப் பிந்தைய வாரங்களைப் பற்றி முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்படுவதில்லை என்பது பொதுவான குறை. பற்கள் ரப்பர் வளையங்களால் பிணைக்கப்பட்டிருக்கும். கஞ்சித் தெளிவு, பருப்புத் தண்ணீர், வடிகட்டிய ரசம், மோர் ஆகியவற்றை உறிஞ்சியே முதல் சில வாரங்கள் கழியும், எடை குறையும். வீக்கத்தின் பெரும்பகுதி ஆறு வாரத்தில் வடிந்தாலும் முகம் தன் இறுதி வடிவுக்கு வர ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். கீழுதடும் முகவாயும் மரத்துப்போவது மிகப் பரவலானது. பெரும்பாலோருக்கு மாதங்களில் உணர்ச்சி திரும்புகிறது, ஒரு பகுதியினருக்கு ஓரளவு மரப்பு நிலைத்துவிடுகிறது. சாப்பிடும்போது உதட்டோரம் ஒட்டிய சோற்றுப்பருக்கை தெரியாமல் இருப்பது சிறு விஷயமாகத் தோன்றலாம். வாழ்நாள் முழுதும் அது உடன்வருமானால் அப்படித் தோன்றாது.

மூக்கறுவையில் தமிழக முகங்களுக்கெனத் தனிக் கவனம் ஒன்று உண்டு. இங்கே மூக்கு நுனித் தோல் பெரும்பாலும் தடித்தது. உள்ளே குருத்தெலும்பை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும் மேலே தெரிவது குறைவு, நுனி வீக்கம் வடிய ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். ஆகையால் குறைத்து வெட்டுவதைவிட, காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து உள்ளே தாங்குகட்டு அமைப்பதே இங்கு நல்ல பலன் தருகிறது. நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்கு மறு அறுவை தேவைப்படுவதாக உலகளவிலான மருத்துவ இலக்கியம் சொல்கிறது. மூக்குத்தி அணிபவர் அதைக் கழற்றிவிட்டு, எப்போது மீண்டும் அணியலாம் என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம்; திருமணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மூக்கறுவைக்கு நாள் குறிக்கும் குடும்பங்கள் இந்த ஒன்றை அடிக்கடி மறந்துவிடுகின்றன.

கத்தியே வேண்டாம் என்பவருக்குச் சொல்லப்படுவது ஃபில்லர், அதாவது ஹயலுரானிக் அமிலக் கூழை ஊசியால் முகவாயிலோ மூக்கின் பாலத்திலோ நிரப்புவது. ஏறத்தாழ ஓராண்டில் கரைந்துவிடும் என்பதால் இது தீங்கற்றது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் மூக்கைச் சுற்றியுள்ள இரத்தக்குழாய்கள் கண்ணின் குழாய்களோடு இணைந்தவை. கூழ் குழாய்க்குள் புகுந்தால் தோல் அழுகுவதிலிருந்து பார்வை இழப்பு வரை நேரலாம். அரிதுதான், ஆனால் நேரும்போது நிமிடக் கணக்கில் முறிமருந்து செலுத்தத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும். அழகு நிலையத்தின் பின்னறையில் அப்படி ஒருவர் இருப்பதில்லை.

யார் செய்யலாம் என்ற கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது. மூக்கு, முகவாய், தாடை மூன்றிலும் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். பெற்றவர்கள், வாய் மற்றும் முகத்தாடை அறுவையில் எம்.டி.எஸ். பெற்றவர்கள், காது மூக்கு தொண்டை நிபுணர்கள் எனப் பலரும் உரிமை கோருகின்றனர். இவர்களுக்கிடையேயான எல்லைத் தகராறு நோயாளிக்கு முக்கியமன்று, குறித்த அந்த அறுவையை அவர் முறையாகப் பயின்று தொடர்ந்து செய்து வருகிறாரா என்பதே முக்கியம். 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் பின் ஒரு மருத்துவ மாணவரே உயிரிழந்தது, தகுதியற்ற இடங்களைப் பற்றிய அச்சத்தைப் பொதுப் பேச்சாக்கியது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள், யூடியூபிலோ பயிலரங்கிலோ பார்த்துக் கற்றுக்கொண்டு அழகுச் சிகிச்சை செய்ய முற்படக் கூடாது என்று சொல்ல நேர்ந்தது; சொல்ல நேர்ந்ததே நிலைமையைக் காட்டுகிறது. ஒப்புதல் படிவம் என்பது வெறும் கையெழுத்தன்று, ஆபத்துகளையும் மாற்றுவழிகளையும் நோயாளி அறிந்தபின் தரும் இசைவு என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் வகுத்துச் சொல்லியிருக்கிறது.

அறுவை தேவைப்படாதவர்களும் மருத்துவரின் அறைக்கு வருகிறார்கள். உடல் உருச்சிதைவு நோய் என்பது, பிறர் கண்ணுக்குத் தெரியாத அல்லது மிகச் சிறிய குறையை ஒருவர் நாள்முழுதும் எண்ணி மருகி, கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தோ அறவே தவிர்த்தோ வாழும் மனநோய். பொது மக்களில் சுமார் இரண்டு சதவீதத்தினரிடம் காணப்படும் இது அழகு அறுவை நாடுவோரிடையே பன்மடங்கு மிகுதி. அறுவையால் இவர்களுக்கு நிறைவு வருவது மிக அரிது, ஒரு குறை தீர்ந்தால் மனம் இன்னொன்றைக் கண்டுபிடிக்கும். ஆயினும் அறுவை கேட்போர் எல்லோரையும் இவ்வாறு ஐயுறுவதும் தவறு. நடிகை ஸ்ருதி ஹாசன் 2020இல் தாம் முகத்தில் பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டதை மறைக்காமல் எழுதி, அதற்காக வெட்கப்படவில்லை என்றும், அதைப் பரப்பவோ எதிர்க்கவோ தாம் முற்படவில்லை என்றும் சொன்னபோது, திரைத்துறையில் மறைத்துச் செய்து மறுத்துப் பேசும் வழக்கத்துக்கு மாறான குரலாக அது ஒலித்தது. மறைப்பவர்களைவிட அவ்வாறு பேசுபவர்களிடமிருந்தே பொதுமக்கள் சரியான எதிர்பார்ப்பைக் கற்க முடியும்.

எவர் செலவில் என்பது எஞ்சியிருக்கும் கேள்வி. 2018இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவை இலவசமாக வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தபோது உலகப் பத்திரிகைகள் வரை அதைப் பேசின; ஏழைகளுக்கு அழகுச் சிகிச்சை ஏன் கிடைக்கக் கூடாது, கிடைக்காவிடில் கடன்பட்டோ ஆபத்தான வழியிலோ அதைத் தேடுவார்கள் என்பது அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரின் வாதம். உயிர்காக்கும் சிகிச்சைக்கே வரிசை நீளும் இடத்தில் இது தேவையா என்ற எதிர்வாதமும் வலுவாகவே எழுந்தது. தேவைக்கும் அழகுக்கும் இடையிலான இதே கோட்டை வரிச் சட்டம் வேறு மொழியில் போடுகிறது: மருத்துவச் சேவைக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கு அழகு அறுவைக்கு இல்லை, ஆனால் பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம் ஆகியவற்றால் கெட்ட உடலமைப்பையோ செயல்பாட்டையோ மீட்பதானால் உண்டு. மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் அழகு அறுவையைப் பொது விலக்குப் பட்டியலில் வைத்து, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பையும் மருத்துவத் தேவை உள்ளவற்றையும் மட்டும் ஏற்கின்றன. பின்வாங்கிய கீழ்த்தாடை இக்கோட்டின்மேலேயே நிற்கிறது. கடிப்பும் மூச்சும் பாதிக்கப்பட்டிருந்தால் அது வளர்ச்சிக் கோளாறு, அவை சரியாக இருந்து படத்தில் மட்டும் குறையாகத் தெரிந்தால் அழகு. ஒரே மேசையில், ஒரே மயக்க மருந்தில் தாடையை நகர்த்தியபின் அதனோடு முகவாயையும் இரண்டு மில்லிமீட்டர் கூட்டி நகர்த்தினால், முதலாவதை ஒரு தலைப்பிலும் இரண்டாவதை வேறு தலைப்பிலும் மருத்துவமனை எழுத வேண்டியிருக்கலாம். அந்த இரண்டு மில்லிமீட்டரை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதை நோயாளி அறுவை நாளுக்கு முன்பே, எக்ஸ்ரேயையும் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.